கடைசி வீட்டிலிருந்து ஓடியவரின் பெயர்

எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் குடியிருந்தவரின் பெயரைக் கேட்டு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. அவர் அந்த வீட்டிலிருந்து ஓடியது எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

வீடு ஊரின் கடைக்கோடியில் இருக்கிறது. கொல்லைக்குப் பின்னால் ஊர்ச்சுவர். சுவரில் ஒரு சின்னக் கதவு. கதவுக்கு அப்பால் எதுவும் இல்லை. என் மனைவி ருக்கையா அங்கேதான் துணி காயப்போடுவாள். நன்றாகக் காயும்.

வாசல் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அவர் அதைத் திறந்துபோட்டபடி ஓடியவர். பதினொரு வருடமாக நாங்களும் அதைச் சாத்த முயன்றதில்லை.

அவரைப் பற்றி வேதத்தில் இருக்கிறது. குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தில். ஓர் ஊருக்கு இறைத்தூதர்கள் வந்தார்கள். ஊரார் ஏற்கவில்லை. கல்லால் அடிப்போம் என்றார்கள். அப்போது ஊரின் கடைக்கோடியிலிருந்து ஒரு மனிதர் ஓடி வந்தார். என் மக்களே, இவர்கள் சொல்வதைக் கேளுங்கள் என்றார். அவர் பெயர் அங்கே சொல்லப்படவில்லை.

இது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் அதனால் தொந்தரவு இருந்ததில்லை.

கடிதம் சுருக்கமாக இருந்தது. முந்தைய குடியிருப்பாளர் பெயர்க் கட்டம் காலியாக உள்ளது. இன்று மாலை நான்கு மணிக்குள் நிரப்பாவிட்டால் மேற்படி வீடு இருந்ததில்லை எனக் கருதப்படும். ஊர்ச்சுவர் ஒரு வீட்டளவு உள்ளே நகர்த்தப்படும். வீட்டிலுள்ள பொருள்களுக்கும் ஆட்களுக்கும் இது பொருந்தும்.

ருக்கையா இரண்டு முறை படித்தாள்.

"ஆட்கள்னா நாமதானே?" என்றாள்.

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப போய்க் கேட்டுட்டு வாங்க. வரும்போது புளி வாங்கிட்டு வாங்க."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். அன்றைக்கு விடுப்பு சொல்லிவிட்டு நகராட்சிக்குப் போனேன். சட்டைப்பையில் சின்னத் திருப்புளி மட்டும் இருந்தது.

எல்லைப் பிரிவு அதிகாரியின் பெயர் தணிகாசலம். வெளுத்த சட்டை போட்டிருந்தார். அவர் மேசையில் ஒரே ஒரு படிவம் இருந்தது. அது என்னுடையது.

"வாங்க பாய். பேர் கொண்டாந்தீங்களா?"

"சார், அவர் பேர் வேதத்துல இல்ல. ஒரு மனிதர்னுதான் இருக்கு."

"வேதத்துல இருக்கலாம் பாய். படிவத்துல இருக்க முடியாது. கட்டத்தைப் பாருங்க. பேர்னு போட்டிருக்கு."

"ஒரு மனிதர்னு எழுதிக்கலாமே?"

"அப்படிப் பார்த்தா நானும் ஒரு மனிதர். என் பேர்ல வீட்டை மாத்திடவா?"

அவர் மேலே விரலைக் காட்டினார்.

"மூணாவது மாடி. வேத விளக்கவுரைக்காரங்க பிரிவு. அவங்களுக்குத் தெரியும்னு சொல்றாங்க. நான் போனதில்ல. போனவங்க லேட்டாத்தான் வராங்க."

மூன்றாவது மாடியில் ஒரு தாழ்வாரம் இருந்தது. இரண்டு பக்கமும் மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் மார்க்கம் கற்ற ஓர் ஆலிம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எல்லா நூற்றாண்டுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். சிலர் நாணல் எழுதுகோல் வைத்திருந்தார்கள். சிலர் பால்பாயிண்ட் பேனா. மையை ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொண்டார்கள்.

முதல் மேசையில் நூஹு ஹஜ்ரத் இருந்தார். மேசையில் பெயர் எழுதியிருந்தது. வெண்தாடி. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஸலாம் சொன்னேன். கண்ணாடியை வாங்கித் திருப்புளியால் முறுக்கிக் கொடுத்தேன். அவர் போட்டுப் பார்த்தார். நான் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க வாப்பா."

"கடைக்கோடியிலேர்ந்து ஓடி வந்தவங்க பேர் வேணும், ஹஜ்ரத்."

"ஹபீப். அப்படிச் சொல்லப்படுது. தச்சு வேலை செஞ்சவங்க."

நான் படிவத்தை எடுத்தேன்.

"நிச்சயந்தானே ஹஜ்ரத்?"

"சொல்லப்படுதுன்னு சொன்னேன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்."

அவர் அதைச் சொல்லி முடித்ததும் தாழ்வாரம் ஒரு மேசை அளவு நீண்டது. புதிதாக வந்த இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. நல்ல வெளிச்சம். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாவது மேசைக்காரர் பெயரை ஒத்துக்கொண்டார். தொழிலை ஒத்துக்கொள்ளவில்லை.

"கயிறு திரிக்கிறவங்கன்னும் ஒரு சொல் இருக்கு. அல்லாஹ்வே நன்கறிந்தவன்."

தாழ்வாரம் நீண்டது. இன்னொரு ஜன்னல்.

மூன்றாவது மேசைக்காரர் துணி வெளுக்கிறவர் என்று கேட்டிருந்தார். நான்காவது மேசைக்காரர் செருப்புத் தைக்கிறவர் என்று கேட்டிருந்தார். ஐந்தாவது மேசைக்காரர் வேறொன்று சொன்னார்.

"நோயாளியா இருந்தாங்கன்னு வந்திருக்கு. குஷ்டம்னு சொல்றாங்க. அதான் ஊருக்கு ஓரமா வீடு."

"நோயாளி எப்படி ஹஜ்ரத் ஓடுவாங்க?"

"அதைத்தான் நானும் முப்பது வருஷமா யோசிக்கிறேன்" என்றார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

ஆறாவது மேசைக்காரர் ஊர் அந்தாக்கியா என்றார். ஏழாவது மேசைக்காரர் அதைச் சந்தேகப்பட்டார். வேதத்தில் வரும் ஊர் அழிந்தது, அந்தாக்கியா அழிந்ததாகச் செய்தி இல்லையே என்றார். ஆறாவது மேசைக்காரர் அதைக் கேட்டு, நல்ல கேள்வி என்று தன் தாளிலேயே எழுதிக்கொண்டார். தனக்கு எதிரான கேள்வியை அவ்வளவு அழகான கையெழுத்தில் ஒருவர் எழுதி நான் பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. எங்கள் கடையில் ஒருவரும் தெரியாது என்று சொல்வதில்லை. பார்வை போனவரிடமும் ஒரு கண்ணாடியை விற்றுவிடுவோம். இங்கே ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்தது எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் சரியாக நின்றார். அங்கே ஒரு ஜன்னல் வந்தது.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. கட்டம் காலியாகவே இருந்தது.

கடைசி மேசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கிட்டத்தட்ட என் வயதுதான். ஆலிமா ஸைத்தூன் என்று எழுதியிருந்தது. அவர் முன்னால் ஒரே தாள். அதில் ஒரே சொல்.

"பேர் எழுதலையா ஆலிமா?"

"எனக்குப் பேர் வந்து சேரல்ல காக்கா" என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் சொன்னார். " நான் 'ஓடி'ங்கிற சொல்லை மட்டும் பார்த்துக்கிறேன். இருபது வருஷமாச்சு."

"ஒரு சொல்லுக்கா?"

"நடந்து வந்தாங்கன்னு இல்ல. வந்தாங்கன்னு மட்டும்கூட இல்ல. ஓடி வந்தாங்க. பேரை விட்டுட்டு அதை வச்சிருக்கான் இறைவன். சின்ன விஷயமா?"

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். முகவரியில் கண் நின்றது.

"நீங்க அந்த வீட்டுலயா இருக்கீங்க?"

"ஆமா."

அவர் எழுந்துவிட்டார்.

"இவங்க அந்த வீட்டுல இருக்காங்க!" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

எழுதும் சத்தம் நின்றது. எல்லா நூற்றாண்டுகளும் என்னைப் பார்த்தன. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. நூறு பேராவது என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களிடம் யாரும் இதுவரை அங்கிருந்து வந்ததில்லை.

"வீட்டுலேர்ந்து சந்தைக்கு எவ்வளவு தூரம்?"

"வழி மேடா, பள்ளமா?"

"உள்ளே மரச்சுருள் ஏதும் கிடந்துச்சா?" இது நூஹு ஹஜ்ரத்.

"நார் ஏதும்?"

"சுண்ணாம்புத் தொட்டி?"

"தோல் துண்டு?"

நான் யோசித்தேன். பதினொரு வருடம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன். ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"சுவத்துல ஒரு முளை இருக்கு" என்றேன். "மரமுளை. நான் சட்டை மாட்டுவேன்."

அத்தனை பேரும் குறித்துக்கொண்டார்கள்.

"முளையில ரம்பம் மாட்டியிருக்கலாம்" என்றார் நூஹு ஹஜ்ரத். உடனே தலையை ஆட்டினார். "கயிறும் மாட்டியிருக்கலாம். இது எனக்குச் சான்று இல்ல."

"எனக்கும் இல்ல" என்றார் கயிறு என்று சொன்ன இரண்டாவது மேசைக்காரர்.

"சட்டைகூட மாட்டியிருக்கலாம்" என்றார் வெளுக்கிறவர் என்றவர்.

மற்றவர்கள் அதை நியாயம் என்றார்கள். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டுக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். ஒரு முளைக்கு யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஊர்ச்சுவர் நகர்ந்துகொண்டிருந்தது. எதுவும் இல்லாத பக்கத்தில் ஆட்கள் நின்று அதைத் தள்ளினார்கள். எங்கள் கொல்லை பாதி இல்லை. மணி இரண்டரை.

"நாலு மணின்னுதானே எழுதியிருக்கு" என்றேன்.

"என்ன நாலு மணி?" என்றார் ஆலிமா.

கடிதத்தைக் காட்டினேன். அவர் அதைப் படித்தார்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல்ல?"

"நீங்க வேலையா இருந்தீங்க."

"வீட்டுல யார் இருக்கா?"

"என் சம்சாரம்."

அவர் செருப்பைக்கூடத் தேடவில்லை. தாழ்வாரத்தில் ஓடத் தொடங்கினார். "இருபது வருஷமா எழுதுறேன், ஒரு நாளும் ஓடினதில்ல!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் ஹஜ்ரத்மார்கள் ஓடினார்கள். தாழ்வாரம் மிகவும் நீண்டிருந்தது. ஆனால் ஜன்னல்கள் நிறைய இருந்ததால் மூச்சு முட்டவில்லை.

நாங்கள் நகர வீதிக்கு வந்தோம். அங்கிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நூறு ஆலிம்கள் ஓடினார்கள். தலைப்பாகைகள் அவிழ்ந்து பின்னால் நீண்டன. ஒருவர் மைக்கூட்டைச் சிந்தாமல் ஓடினார். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"எங்க பாய் எல்லாரும்?"

"கடைசி வீட்டுக்கு!"

"என்ன ஆச்சு?"

"ஒருத்தர் பேர் தெரியல!"

"அடடா" என்று அவர்களில் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சமையல்கட்டு இருந்ததில்லை. சுவர் படுக்கையறையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ருக்கையா வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தணிகாசலம் அவளருகே படிவத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"எந்திரிக்கச் சொன்னாரு" என்றாள் ருக்கையா. "கீரை முடியல்லைன்னு சொல்லிட்டேன். இவங்க எல்லாம் யாரு?"

"ஆலிம்சாக்கள்."

"இத்தனை பேருக்குக் கீரை பத்தாதே. புளி எங்கே?"

புளியை மறந்திருந்தேன்.

"சார், நாலு மணின்னு போட்டிருந்தீங்க" என்றேன்.

"சுவர் மெதுவாத்தான் நகரும் பாய். நாலு மணிக்கு முடியணும்னா ரெண்டு மணிக்குத் தொடங்கித்தான் ஆகணும். பேர் கிடைச்சுதா?"

நான் நூஹு ஹஜ்ரத்தைப் பார்த்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படிவத்தையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தேன்.

"ஹபீப்னு எழுதுங்க ஹஜ்ரத். அது போதும்."

அவர் 'ஹபீப்' என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் 'என்று சொல்லப்படுகிறது' என்று எழுதப்போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அது வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை விட்டுடுங்க."

"விட்டா?"

"வீடு இருக்கும். இவ இருப்பா."

படுக்கையறையில் ஏதோ இல்லாமல் போகும் சத்தம் கேட்டது. கட்டிலாக இருக்கும். நூஹு ஹஜ்ரத் பேனாவைப் பிடித்தபடி நின்றார். கண்ணாடிக்குள் கண் நிறைந்தது.

"முடியல வாப்பா" என்றார். "நான் அவங்களைப் பார்த்ததில்ல. பார்த்தவங்களையும் பார்த்ததில்ல. எனக்கு முன்னால இருந்தவங்க இந்த வார்த்தையைக் கீழ விழாம கொண்டாந்து என் கையில கொடுத்தாங்க. நான் எங்கே போடுவேன்?"

எனக்கு அவரை அடிக்கத் தோன்றியது. அவர் காலில் விழவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

ருக்கையா நிமிர்ந்தாள்.

"அவங்களை ஏன் படுத்துறீங்க? பொய் எழுதி வாங்கின வீட்டுல எனக்குத் தூக்கம் வருமா?"

"வீடே இருக்காது ருக்கையா."

"இருக்காட்டி தூக்கத்தைப் பத்தி யோசிக்க வேண்டியதில்ல" என்றாள். ஆனால் கீரையைக் கீழே போட்டுவிட்டுக் காம்பைப் பாத்திரத்தில் போட்டாள்.

நூஹு ஹஜ்ரத் 'என்று சொல்லப்படுகிறது' என்று எழுதி முடித்தார். பிறகு பேனாவை மூடினார். வாசல்படியில் ருக்கையாவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"வார்த்தையைத்தான் விட முடியாது. உங்களை விட்டுட்டும் போக மாட்டேன்" என்றார். "சுவர் வந்தா என் மேலயும் வரட்டும்."

கயிறு என்றவர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்றவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். கூடத்தில், நடையில், மிச்சமிருந்த படுக்கையறையில். நூறு பேர். இடம் போதாது என்றுதான் நினைத்தேன். போதுமாக இருந்தது. ஒருவர் முளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

தணிகாசலம் சங்கடப்பட்டார்.

"சொல்லப்படுகிறதுன்னு போட்டா பேர் முழுசாகாது. காலிக் கட்டம்னுதான் அர்த்தம்."

ஆலிமா ஸைத்தூன் படிவத்தை வாங்கினார்.

"முழுசா எழுதலாமா?"

"எவ்வளவு வேணும்னாலும் எழுதுங்க. தனித்தாள் இணைக்கலாம். ஆனா எழுதினது எல்லாத்தையும் நான் வாசிச்ச பிறகுதான் சுவரைத் தள்ளச் சொல்ல முடியும். விதி."

"அப்ப உக்காருங்க" என்றார் ஆலிமா.

அவர்கள் எழுதினார்கள். தந்திரமாக எழுதவில்லை. எழுதச் சொன்னால் அவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஒவ்வொருவரும் தான் கேட்டதை, யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் என்று கடைசி ஆள் வரைக்கும் எழுதினார். எங்கே சங்கிலி அறுந்திருந்ததோ அங்கே அறுந்திருக்கிறது என்று எழுதினார்கள். தாள்கள் வாசல் உயரத்துக்கு வந்தன.

தணிகாசலம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார். சத்தமாகத்தான் வாசிக்க வேண்டும். அதுவும் விதி. சுவர் நின்றது. தள்ளியவர்கள் சின்னக் கதவு வழியாக எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்.

"இன்னார் சொல்ல இன்னார் கேட்டார், அவர் சொல்ல..." என்று வாசித்தார்.

"ஒருத்தரைத் தாண்டிட்டீங்க" என்றார் ஆலிமா.

"மன்னிச்சுக்குங்க" என்று திரும்பி வந்து வாசித்தார்.

நான்கு மணி ஆனது. பிறகு செவ்வாய்க்கிழமை ஆனது. ருக்கையா வாசலில் கல்லடுப்பு கூட்டி அவருக்கும் சோறு போட்டாள். ஹஜ்ரத்மார்கள் முறைவைத்துத் தெருக்கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். புளி வாங்கிவர மறுபடியும் என்னை அனுப்பினார்கள்.

வாசித்துக்கொண்டே போனவர் வியாழக்கிழமை பகலில் ஒரு தாளில் நின்றுவிட்டார்.

"இங்க ஊர்க்காரங்க அவரைக் கொன்னுட்டாங்கன்னு எழுதியிருக்கே" என்றார்.

"ஆமா" என்றார் நூஹு ஹஜ்ரத். "விளக்கம் எழுதினவங்க அப்படித்தான் சொல்றாங்க. மிதிச்சுக் கொன்னாங்கன்னு ஒரு சொல். கல்லால அடிச்சாங்கன்னு ஒரு சொல்."

"நல்லது சொல்லத்தானே ஓடி வந்தாரு?"

"நல்லது சொல்லத்தான்."

தணிகாசலம் அடுத்த வரியை வாசித்தார். குரல் இறங்கிவிட்டது. சொர்க்கத்தில் நுழையும்படி அவரிடம் சொல்லப்பட்டது. அங்கே நின்று அவர், என் மக்களுக்கு இது தெரிந்திருக்கக் கூடாதா என்றார்.

"யாரைச் சொல்றாரு?" என்று கேட்டார். "எந்த மக்கள்?"

"அவங்களைத்தான்."

"கொன்னவங்களையா?"

தாள் அவர் மடியில் கிடந்தது. அவர் வெளுத்த சட்டையில் வியர்த்திருந்தது. திறந்த வாசலைப் பார்த்தார்.

"எனக்கு ஊர்ல அண்ணன் ஒருத்தன் இருக்கான்" என்றார். "பேசி ஒன்பது வருஷம் ஆச்சு."

பிறகு எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். ஹஜ்ரத்மார்கள் வழிவிட்டார்கள். படுக்கையறையில் நின்றிருந்த சுவரில் இரண்டு கையையும் வைத்தார். தள்ளினார். வெளிப்பக்கமாக.

சுவர் நகர்ந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் கத்திக்கொண்டே விலகினார்கள். பிறகு அவர்களும் இந்தப் பக்கம் வந்து அவரோடு சேர்ந்து தள்ளினார்கள். கட்டில் வந்தது. சமையல்கட்டு வந்தது. அடுப்பு மட்டும் இடம் மாறியிருந்தது. கொல்லை வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. எதுவும் இல்லாத இடத்துக்குள் சுவரைத் தள்ளிக்கொண்டே போனார். சுவர் விலகிய இடத்தில் தெரு இருந்தது. விளக்குக் கம்பம் இருந்தது. தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றார்கள். எங்களைப் பார்த்து ஸலாம் சொன்னார்கள்.

இப்போதும் அவர் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. முதலில் கால் மணி நேரம் ஆனது. நேற்று போய் வர அரை நாள் ஆனது. ஹஜ்ரத்மார்களில் பாதிப் பேர் புதுத் தெருக்களில் குடியேறிவிட்டார்கள். நூஹு ஹஜ்ரத் எங்கள் கூடத்தில்தான் எழுதுகிறார். அவரிடம் ஒரு தச்சர் வேலை கேட்டு வந்தார். அதையும் சான்றாக எடுத்துக்கொள்ள அவர் மறுத்துவிட்டார்.

சோறு சாப்பிடும்போது தணிகாசலம் தினம் ஒரு கேள்வி கேட்பார். நேற்று கேட்டது இது.

"அன்னைக்கு ஓடுறதுக்கு வாசல்ல இறங்கினப்போ, அவருக்குப் பயமா இருந்துச்சா பாய்?"

நான் திரும்பி வந்து ஆலிமா ஸைத்தூனிடம் கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். முதலில் தன் தாளைப் பார்த்தார். பிறகு மற்றவர்களுடைய தாள்களையும் வாங்கிப் பார்த்தார். சாயங்காலம் வரைக்கும் பார்த்தார்.

"அதைப் பத்தி நமக்கு எதுவும் வந்து சேரல்ல" என்றார்.

இன்று அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நடந்தேன். சோற்றுப் பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னேன். தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டார். மடித்து வைத்திருந்த படிவத்தைப் பிரித்து, சுவரின் மேல் வைத்து, நிதானமாக எழுதினார்.

வந்து சேரவில்லை என்று எழுதினார். எழுத்து அழகாக இருந்தது.